கிடந்து தள்ளலும் குனிந்தெடுத்தலும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் ஒருவர் இருப்புத்தடியைக் குறித்துக் கட்டுரை வரையப் புகுதல் நம் கல்லூரியார் சிலர்க்கு நகை விளைக்கலாம். "ஏடு தூக்கவேண்டிய கை இரும்பு தூக்குவதென்ன?" என்று எம் ஆசிரியர் ஒருவரே வேடிக்கையாக வினவியதுண்டு. அன்று யாம் அவர்க்கு விடை கூறினோமல்லோம். விடுதிக்குப் பின்னுள்ள பயிற்சிக்கூடத்தில் இரண்டாண்டாக யாம் கற்றனவற்றையும், ஒரு போட்டியில் நாணமுறத் தோற்றுக் கற்றவற்றையும் ஒருங்கு சேர்த்து, இத்துறையிற் புக விரும்பும் இளைய மாணவர்க்குப் பயன்படுமாறு ஈண்டு எழுதத் துணிந்தோம். இதனையே அவ்விடையாகவும் அவர் கொள்வாராக.

முதற்கண் பெயரை விளக்குவாம். பளுதூக்கல் வேறு, வலுதூக்கல் வேறு. ஒலிம்பிக் பந்தயங்களில் நிகழ்வது பளுதூக்கல். அதன்கண் பாரத்தைத் தலைக்குமேல் உயர்த்துவர். வலுதூக்கலிலோ மூன்று செயல்கள் உள. தோளிற் பாரந் தாங்கிக் குந்தியெழுதல் ஒன்று; பலகைமேல் மல்லாந்து கிடந்து மார்பினின்று பாரத்தை மேலே தள்ளுதல் மற்றொன்று; தரையிற் கிடக்கும் பாரத்தைக் குனிந்து பற்றி நிமிர்ந்து நிற்றல் பிறிதொன்று. இவற்றை முறையே ஸ்குவாட், பெஞ்சு பிரஸ், டெட்லிப்ட் என உலகெங்கும் வழங்குப. இவற்றுட் பின்னிரண்டை மட்டுங் கொண்டு நடத்தும் போட்டிகளும் உண்டு. முதலிற் பெஞ்சு பிரஸ்; அதன்பின் டெட்லிப்ட்; இரண்டிலும் ஒருவர் தூக்கிய பேரெடைகளைக் கூட்டி வெற்றி துணிவர். யாம் கலந்துகொண்டது இவ்வகைப் போட்டியே. ஆதலின் இக்கட்டுரையும் அவ்விரண்டன்மேற்றே.

டெட்லிப்ட் என்னும் பெயரிலுள்ள முதற்சொல் 'செத்த' எனப் பொருள்படும். அசைவின்றித் தரையிற் கிடக்கும் பாரத்தை, முன்னுந்தல் எதுவுமின்றி, கிடந்த நிலையினின்றே எடுத்தலான் அப்பெயர் வந்தது. நம் நாட்டாரும் அசையாப் பொருளின் சுமையைப் பிணக்கனம் என்றே கூறுவர். மொழி வேறாயினும் முதுகு உணர்வது ஒன்றே போலும்!

இச்செயல்கள் பழையன; போட்டியுருவம் பெற்றது அண்மையிலேயாம். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மித் என்னும் மல்லர், பலகை எதுவுமின்றித் தரையிற் கிடந்தவாறே 361 பவுண்டு, அஃதாவது ஏறக்குறைய 164 கிலோ எடையைத் தள்ளிக் காட்டினார். கனடா நாட்டு டக் ஹெப்பர்ன் என்பார் பிறவியிலேயே ஒரு கால் ஊனமுற்றவர். அவரே 1953 இல் ஸ்டாக்ஹோம் நகரிற் பளுதூக்கலில் உலக முதன்மை பெற்றார். பலகைமேற் கிடந்து 500 பவுண்டு தள்ளிய முதல்வர் என்றும் அவரைக் கூறுப. 1949 இல் டென்னசி நாட்டு உழவர் பாப் பீப்பிள்ஸ், தாம் 82 கிலோ எடையினராயிருந்து, 329 கிலோ எடையைத் தரையினின்று எடுத்தார். அவர் பயின்ற கருவிகளிற் பல அவரே தம் வீட்டிற் செய்துகொண்டவை. 1965 இல் அமெரிக்காவில் யார்க் நகரில் தேசியப் போட்டி முறைப்படி நடைபெற்றது. 1972 இல் பன்னாட்டு வலுதூக்கற் கூட்டமைப்புத் தோன்றிற்று. 1980 இல் மகளிர்க்கும் உலகப் போட்டி ஏற்பட்டது. கால் வலுவிழந்தோர்க்கான பாராலிம்பிக் பந்தயத்தில் 1984 முதல் வலுதூக்கல் என்பது பெஞ்சு பிரஸ் ஒன்றேயாம். ஆண்டு, 2016 இல் ரியோ நகரில், ஈரான் நாட்டுச் சியாமந்த் ரஹ்மான் 310 கிலோ தள்ளினார். கால் ஊன்றித் தள்ளும் உதவி சிறிதுமின்றி அவ்வளவு எடையை உயர்த்தினமை எமக்கு இன்னும் வியப்பே.

நம் தென்பாண்டிச் சிற்றூர்களிற் கோயில் முன்றிலிலும் ஊர்மந்தையிலும் கிடக்கும் இளவட்டக்கல்லையும் ஈண்டு நினைத்தல் தகும். உருண்டு வழவழப்பாகக் கிடக்கும் அக்கல்லிற் கை பற்றுதற்கு இடமில்லை. அதனைத் தூக்கும் இளைஞன் முதலிற் குந்தியிருந்து, இரு கையாலும் அணைத்து, தொடைமேலேற்றி, மார்போடு ஒட்டி, பின்னரே தோளுக்குக் கொண்டுபோவான். உடம்பைவிட்டு ஒருசாண் அகலவிட்டானாயின் கல் மீண்டும் தரையிலே. பாரம் உடலை ஒட்டியே எழல்வேண்டும் என்னும் டெட்லிப்ட் இலக்கணத்தை அக்கல் யாருக்கும் ஏட்டின்றியே கற்பித்து வந்திருக்கிறது.

இனிப் பெஞ்சு பிரஸ் என்பதன் விதிகளைக் கூறுவாம். பயிற்சிக்கூடங்களிற் பலர் செய்வதும் போட்டிமேடையிற் செய்யவேண்டுவதும் தம்முள் வேறாதலின், இப்பகுதியை இளையோர் பொறுமையோடு படிப்பாராக. பலகையின் உயரம் 42 முதல் 45 சென்டிமீட்டர் வரை இருக்கும். இருப்புத்தடியின் எடை 20 கிலோ. அதன்மேற் கைகளை விரித்துப் பற்றுங்கால் இரு சுட்டுவிரல்களுக்கும் இடையே 81 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. பெருவிரல் தடியைச் சுற்றியே இருத்தல்வேண்டும். தலையும் தோள்களும் பிட்டமும் பலகையிற் படிந்திருக்க, அடிகள் தரையிற் படிந்திருக்க, தடியைக் கை நீட்டித் தாங்கி நிற்றல் முதனிலை. அசைவின்றி நின்றபின் தலைமை நடுவர் 'ஸ்டார்ட்' என ஆணையிடுவர். தடியை மார்புக்கு இறக்கி அசையாது நிறுத்தியபின் 'பிரஸ்' என்பர். கையை முற்ற நீட்டி நின்றபின் 'ரேக்' என்பர். இம்மூன்று ஆணைகளுள் ஒன்றற்கு முற்பட்டு அசைந்தாலும், எத்துணை எளிதாகத் தள்ளினாலும், அம்முயற்சி வழுவே. மூன்று நடுவர் மூன்று விளக்குகளாற் றீர்ப்பளிப்பர். வெண்மை இரண்டேனும் எரிதல்வேண்டும். 2023 முதல், தடி மார்பிற் படுங்கால் முழங்கை மூட்டின் அடிப்புறம் தோள்மூட்டின் மேற்புறத்தோடு சமமாகவோ அதனினும் தாழ்ந்தோ இருத்தல்வேண்டும் என்றும் ஒரு விதி வகுத்தனர். முதுகைப் பாலம்போல் வளைத்துத் தடி செல்லும் தொலைவைக் குறுக்கிக்கொள்வாரை அடக்குதற்கு இவ்விதி எழுந்தது.

இவ்விதிகளையெல்லாம் யாம் சென்ற ஆண்டே படித்திருந்தோம். படித்திருந்தும் பயன் யாது? மார்பில் நிறுத்துதல் என்பதனை ஏட்டில் அறிந்தோமேயன்றி உடம்பில் அறிந்தோமல்லோம். கூடத்தில் யாம் நாடோறும் தடியை மார்பிற் பட்டவுடன் துள்ளவிட்டு, அத்துள்ளலின் உதவியால் மேலே தள்ளுவோம். தசை நீட்சியுறுங்காற் சிறிது விசை அதனுட் சேமிக்கப்படுகிறது. உடனே திரும்பினால் அவ்விசை உதவும். ஒரு நொடி நிறுத்தினால் அதிற் பெரும்பகுதி கரைந்துபோம். இவ்வாறு துள்ளவிட்டும், தடுமாறுங்காற் றோழர் இருவிரலாற் றொட்டுதவவும் யாம் தள்ளிய 100 கிலோவையே எம் வலுவென நம்பினோம். அந்நம்பிக்கையோடு சென்ற ஆண்டுக் கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த போட்டிக்கு 66 கிலோ வகுப்பிற் பெயர் கொடுத்தோம். எம் எடை அன்று 64 கிலோவும் சிறிதும்.

முதல் முயற்சிக்கு 95 கிலோ என எழுதிக் கொடுத்தோம். தடி இறங்கிற்று, மார்பிற் பட்டது, பழக்கம் எம்மை முந்திக்கொண்டது. ஆணை எழுமுன்னரே தடி மேலே போயிற்று. சிவப்பு மூன்று. இம்முறை காத்திருப்போம் எனத் துணிந்து இரண்டாம் முயற்சியிற் காத்திருந்தோம். 'பிரஸ்' என்ற ஒலி ஒரு யுகங்கழித்து வந்தாற்போலிருந்தது. நின்ற தடியை அசைக்க உடம்பு முழுதும் முறுகியபோது பிட்டம் பலகையைவிட்டு எழுந்தது. சிவப்பு இரண்டு. குறித்த எடையைக் குறைத்தற்கு விதியில் இடமில்லை. மூன்றாம் முயற்சியில் தடி பாதிவழியில் நின்றது. இருபுறமும் நின்ற துணைவர் எடுத்துக்கொண்டனர். மூன்றும் வழுவாயின் அவரைப் போட்டியினின்றே நீக்குப. எம் வலுவெல்லாம் டெட்லிப்ட் ஒன்றிலேயே இருந்தது; 170 கிலோவுக்கு மூன்று திங்கள் ஆயத்தஞ்செய்திருந்தோம். அத்தடியை அன்று தொடவும் எமக்கு உரிமையில்லாது போயிற்று. பார்ப்போர் வரிசையிலமர்ந்து பிறர் எடுப்பதைக் கண்டு, மடிமேற் கிடந்த தாளிற் கணக்கிட்டோம். 80 கிலோவை மூன்றில் ஒருமுறை ஒழுங்காகத் தள்ளி, பின் 170 கிலோவை எடுத்திருப்பின் மூன்றாமிடம் எமதாயிருக்கும். அம்மூன்றாமிடத்துக்குரிய புள்ளிகள் கிடைத்திருப்பின் நம் கல்லூரிக்குச் சுழற்கேடயமும் வந்திருக்கும். உடன்வந்த தோழர் நால்வரும் திரும்பும் பேருந்தில் இதுபற்றி ஒரு சொல்லுங் கூறிற்றிலர். கூறியிருப்பின் ஒருவாறு தாங்கியிருப்போம்.

அன்றிரவே குறிப்பேட்டின் புதுப்பக்கத்தில் எமது மெய்யான வலு யாதென எழுதலாமென முற்பட்டோம். எழுத எண் தெரிந்ததில்லை. ஒரு கிழமை கழித்து, ஒருவர் ஆணை கூற, துள்ளலின்றி, தொட்டுதவுவார் இன்றித் தள்ளிப் பார்த்தோம். 85 கிலோ. பதினைந்து கிலோ எங்கிருந்து வந்து எங்குப் போயிற்றென்று யாம் வருந்தினோம். உண்மையில் அஃது ஒருபோதும் எம்மிடம் இருந்ததன்று.

அன்றுமுதல் எமது பயிற்சி மாறிற்று. ஒவ்வொரு தள்ளலிலும் மார்பில் நிறுத்தலே வழக்கமாயிற்று. எடை மிகக் குறைந்த வெறுந்தடியாயினும் அங்ஙனமே. தலைமாட்டில் நிற்குந் தோழர் ஒருகால் உடனே ஆணையிடுவார். ஒருகால் இரண்டு நொடி தாழ்ப்பார். ஒருகால் வேண்டுமென்றே மறந்தார்போல நிற்பார். காதும் மார்பும் அதற்குப் பழகின. நடுவரிற் சிலர் விரைவர், சிலர் நெடிது பார்ப்பர். யாவர்க்கும் பொருந்துமாறு பழகுதலே தக்கது.

கிடக்கும் முறையிலும் சில நுட்பங்கள் உள. தோட்பட்டை எலும்புகள் இரண்டனையும் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்துப் பலகையில் அழுத்திக்கொள்க. இல்லையேல் தோள்மூட்டின் முன்புறம் நாளடைவில் நோவெடுக்கும். தடியைக் கழுத்துப் பக்கமாக இறக்கற்க. முலைக்காம்பின் அளவிலோ சிறிது கீழோ இறக்குக. முழங்கை உடம்பை முற்ற ஒட்டவும் வேண்டா, சிலுவைபோல் நேர்விரியவும் வேண்டா, இடைப்பட்டதே நன்று. மேலே தள்ளுங்காற் றடி நேர்கோட்டிற் செல்லாது, சிறிது தலைப்பக்கமாக வளைந்து தோள்மூட்டின் நேர்மேல் வந்து நிற்கும். கால்களைத் தரையில் ஊன்றித் தள்ளுதலும் உதவுவதே. ஆயின் அவ்வூன்றல் உடம்பைத் தலைப்பக்கமாக உந்தல்வேண்டுமேயன்றி மேலெழுப்பலாகாது. எம் இரண்டாம் முயற்சி கெட்டது இவ்வேறுபாடறியாமையான் என்க. துணையின்றித் தனியே பயில்வார் தடியின் முனைகளிற் பூட்டிடாதிருத்தல் நலம். தடி மார்பில் தங்கிவிடின் ஒருபுறம் சாய்த்துத் தட்டுகளை வீழ்த்தி உயிர் தப்பலாம். ஆயினும் தனியே பயிலாமையே அதனினும் நலம்.

டெட்லிப்ட் பற்றி இனிச் சொல்லுவாம். பெருந்தட்டின் குறுக்களவு 45 சென்டிமீட்டராதலின் தடி தரையினின்று 22½ சென்டிமீட்டர் உயரத்திற் கிடக்கும். நெட்டையனுக்கும் குட்டையனுக்கும் அவ்வுயரம் ஒன்றே. கை நீண்டவன் குறையக் குனிவான். அவனுக்கு இயற்கை செய்த சலுகை அது. அமெரிக்கர் லமார் கேன்ட் என்பார் நீண்ட கையும் வளைந்த முதுகெலும்பும் உடையவர். அவர் 1985 இல் தம் எடையைப்போல் ஐம்மடங்கு, அஃதாவது 60 கிலோ எடையினராய் நின்று 300 கிலோவை எடுத்தார். வளைந்த முதுகு அவர்க்கு உதவிற்றென்று கூறுவாரும் உளர். அதனைக் கேட்டுத் தம் முதுகைத் தாமே வளைத்துக்கொள்ள ஒருவரும் முற்படற்க.

அடியின் நடுவிற்கு நேர்மேலே தடி வருமாறு நில். கணைக்கால் தடியைத் தொடுமளவும் குனிந்து பற்று. மார்பை நிமிர்த்து, முதுகை வளையவிடாது இறுக்கு, மூச்சை வயிறு நிரம்ப இழுத்து அடக்கு. அடக்கிய காற்று வயிற்றறையினுள் அழுத்தத்தை உண்டாக்கி முதுகெலும்பைத் தூண்போற் றாங்கும். இடுப்பிற் கட்டும் வார் அதற்குத் துணை. அதன்பின் தடியை வெடுக்கெனப் பறிக்காது, கையின் தளர்வை முதலிற் போக்கி, தரையைக் காலாற் கீழே தள்ளுவதாக எண்ணி எழுக. தடி கணைக்காலையும் தொடையையும் உரசியே மேலேறல்வேண்டும். நீர்க்குடத்தை இடுப்பில் வைத்துச் செல்லும் பெண்மகளை நோக்குக. அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துச் செல்லச் சொன்னால் பத்தடி செல்லாள். எடை மாறிற்றில்லை, உடம்பினின்று அதன் தொலைவே மாறிற்று. முதுகு சுமப்பது எடையையும் தொலைவையும் பெருக்கிய தொகையையே.

முழங்காலும் இடுப்பும் நேராகி, தோள் பின்செல்ல நிமிர்ந்து நின்றபின் நடுவர் கையைத் தாழ்த்தி 'டவுன்' என்பர். இதற்கு ஆணை இஃதொன்றே. எடுக்கையில் தடி ஒருகாற் கீழிறங்கி மீண்டும் ஏறுதலும், தொடைமேல் தாங்கவைத்து ஏற்றுதலும் வழு. ஆணைக்குப்பின் பாரத்தைக் கைவிட்டு வீழ்த்துதலும் வழுவே. கால்களை அகல விரித்து நின்று கைகளை உள்ளே பற்றும் முறை ஒன்றும் உண்டு; ஜப்பானிய மல்லர் நிலையை ஒத்திருத்தலின் அதனைச் சுமோ என்பர். இடுப்பு எளிதில் விரிவார்க்கு அது பொருந்தும், எமக்குப் பொருந்தவில்லை.

பலர்க்கு முதுகினும் முன்னர்த் தோற்பது கைப்பிடியே. போட்டியில் மணிக்கட்டில் வார் கட்டித் தடியைச் சுற்றிக்கொள்ளுதற்கு இடமில்லை, வெண்பொடி பூசிக்கொள்ளலாம். இரு கையையும் ஒருபுறமாகவே வைத்துப் பற்றினால் தடி விரல்களை விரித்து உருளும். ஒரு கையைப் புரட்டி, உள்ளங்கை முன்னோக்க வைத்தால் உருளுதல் நிற்கும். ஆயின் புரட்டிய கையை மடக்கி இழுப்பார்க்கு மேற்கைத் தசைநாண் அறுதலும் நேரும். ஆதலிற் கை கயிறுபோலத் தொங்கல்வேண்டும். பயிற்சியில் இலேசான எடைகளையெல்லாம் இரு கையும் ஒருபுறமாக வைத்தே எடுத்து, பேரெடைக்கு மட்டும் புரட்டிக்கொள்வது எம் வழக்கம். பிடி வலுப்பட இதனினும் எளிய வழி யாம் கண்டதில்லை.

எம் விடுதியிற் 'சிம்சோன்' எனப் பெயர்பெற்ற தோழர் ஒருவர் உளர். வெள்ளி மாலையொன்றிற் பிறர் பார்த்திருக்க, முந்தின நாளே எடுத்துக் களைத்த முதுகோடு, தம் பேரெடையினும் பத்துக் கிலோ மிகுத்து எடுக்கப் புகுந்தார். முதுகு வில்லாயிற்று. ஒன்றரைத் திங்கள் அவர் குனிந்து செருப்புக்கூட மாட்டவியலாது பிறரை நோக்கியிருந்தார். தேர்வுக்கும் நின்றுகொண்டே படித்தார். இதனை அவர் இசைவோடே எழுதுகின்றோம். வலுவை வளர்த்தல் வேறு, வலுவைச் சோதித்தல் வேறு. அன்றாடம் சோதிப்பவன் வளர்ப்பதற்கு நாள் பெறான். விதைத்த வேரைத் தோண்டித் தோண்டிப் பார்ப்பானைப் போல்வன் அவன்.

வளர்த்தற்குரிய முறை யாது? கன்றை நாடோறுஞ் சுமந்து, அது காளையாயினபோதுஞ் சுமந்த கிரேக்க மல்லன் மைலோவின் கதையை யாவரும் கேட்டிருப்பர். கதையாயினும் கருத்து மெய். அதனை மருத்துவ முறையாக்கியவர் தாமஸ் டிலார்ம் என்னும் அமெரிக்க மருத்துவர். போரிற் கால் முடங்கிய வீரர்க்குச் சிகாகோ நகர மருத்துவமனையில் அவர் பேரெடைப் பயிற்சி அளித்து, எடையைப் படிப்படியாக ஏற்றி, 1945 இல் அதனை வெளியிட்டார். ஒருவர் பத்துமுறை எடுக்கக்கூடிய பேரெடையை அளவாகக் கொண்டு, முதலில் அதிற் பாதி, பின் முக்கால், பின் முழுதும் என மூன்று தொகுதியாகச் செய்யுமாறு பின்னர் வகுத்தார். இன்றும் பயிற்சிக்கூடங்களில் வழங்கும் தொகுதிக்கணக்கு பெரிதும் அவர் வழிப்பட்டதே.

யாம் இவ்வாண்டு கைக்கொண்டது பன்னிரண்டு கிழமைத் திட்டம். முதல் ஐந்து கிழமையில் மெய்யான பேரெடையில் நூற்றுக்கு 70 முதல் 75 வரை வைத்து, தொகுதிக்கு ஐந்து முறையாக ஐந்து தொகுதி. அடுத்த நான்கு கிழமையில் 80 முதல் 85 வரை ஏற்றி, முறையை மூன்றாகக் குறைத்தோம். பின் இரு கிழமை 90 அளவில் ஒற்றை ஒற்றையாக. இறுதிக் கிழமை பெரும்பாலும் ஓய்வே. பெஞ்சு பிரஸ் கிழமைக்கு மும்முறை. டெட்லிப்டிற் பேரெடை ஒரேமுறை. ஏனெனில் முதுகும் தொடைப்பின்றசையும் தேறுதற்கு நாட்செல்லும். தொகுதிக்கும் தொகுதிக்கும் இடையே மூன்று முதல் ஐந்து நிமிடம் இருத்தல்வேண்டும். இந்நேரத்தில் யாம் நன்னூற் சூத்திரம் மனனஞ்செய்ததுண்டு, அம்முயற்சி இரண்டுக்கும் கேடாய் முடிந்தது. ஞாயிறன்று கூடம் மூடியிருக்கும். முன்பு அதனைக் குறையென எண்ணினோம், இப்பொழுது அதுவே எமக்கு நன்றாகப் பயன்படும் நாள்.

உணவு பற்றிச் சுருங்கக் கூறுவாம். தசை வளர்ச்சிக்கு வேண்டும் புரதம் உடல் எடையிற் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவிற் போதுமென 2018 இல் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தோர் கண்டனர். எமக்கு அது நூறு கிராமும் சிறிதும். முட்டையொன்றில் ஆறு கிராம் உண்டு. விடுதியிற் கிடைக்கும் பருப்பு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, பால், வெள்ளிதோறும் வரும் மீன் என்பவற்றால் அவ்வளவை ஒருவாறு நிரப்பலாம். வகுப்பெடைக்குட் புகுதற்காக நீருண்ணாது வாடி நிற்றல் மாணவர்க்கு ஆகாது. உள்ள எடையிலேயே போட்டியிடுக. பிறிதொன்றும் உண்டு. ஊசியும் மாத்திரையும் தந்து மூன்று திங்களில் உடம்பைப் பெருக்கித் தருவதாகக் காதிற் சொல்லும் பேர்வழிகள் சில கூடங்களின் வாயிலில் உலவுகின்றனர். சென்ற ஆண்டுத் தோல்விக்குப்பின் எம்மிடமும் ஒருவர் வந்தார். இதயத்துக்கும் ஆண்மைச் சுரப்புக்கும் அம்மருந்துகள் செய்யும் கேடு நன்கறியப்பட்டது. போட்டிகளில் அவை விலக்கப்பட்டவை. அன்று எமக்குத் துணிவைக் காட்டிலும் பணமின்மையே காவலாயிற்று என்பதை மறைக்க விரும்புகின்றோமல்லோம்.

போட்டிநாளன்று அறியவேண்டுவன சில. எடை பார்த்தல் தொடக்கத்திற்கு இரண்டு மணி முன்னர் நிகழும். அதன்பின் வயிறார உண்ணாது, பழமும் இட்டிலியும் போல எளியவற்றை உண்க. ஒவ்வொரு செயலுக்கும் முயற்சி மூன்று. முதல் முயற்சிக்குரிய எடை, உறக்கமின்றி நோவோடிருக்கும் நாளிலும் மும்முறை எடுக்கக்கூடியதாக இருத்தல்வேண்டும். பேரெடையில் நூற்றுக்கு 90 அளவு எனக் கொள்ளலாம். ஒரு முயற்சி முடிந்தபின் அடுத்த எடையைக் கூற ஒரு நிமிடமே உண்டு, அந்நிமிடத்தில் மூச்சிரைக்கும், சிந்தனை ஓடாது. ஆதலின் முன்னாளிரவே மூன்று எடைகளையும் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தோழரிடம் கொடுத்துவிடுக. அவரைத் தேர்ந்தெடுக்குங்காற் கைதட்டி ஆரவாரிப்பவரை விடுத்துக் கணக்கிற் றேர்ந்தவரையே தேர்க. இருவர் கூட்டெடை ஒத்துவரின் உடல் எடை குறைந்தவரே மேற்படுவர். அதனையும் அவர் நோக்கிக்கொள்வார்.

இவ்வாண்டு மாசியில் மீண்டும் மேடையேறினோம். முதலெடை 82½ கிலோ. சென்ற ஆண்டு 95 எழுதியவர் இவ்வாண்டு இவ்வளவா என்று ஒருவர் கேட்டதும் செவியில் விழுந்தது. தடியை இறக்கி நிறுத்திக் காத்திருந்தோம். நடுவர் விரைபவரல்லர். ஆயினும் எம் தோழர் கூடத்தில் எம்மை அதனினும் நெடிது காக்கவைத்திருந்தார். வெண்மை மூன்று. பின்னர் 87½ உம் ஆயிற்று. 92½ பாதிவழியில் நின்றது. டெட்லிப்டில் 160, 170, 177½ மூன்றும் ஆயின. கூட்டெடை 265 கிலோ, இடம் நான்காவது. மூன்றாமவர் எம்மினும் ஐந்து கிலோவே மிகுதியாக எடுத்திருந்தார். சுழற்கேடயம் இவ்வாண்டும் பிற கல்லூரிக்கே சென்றது. நம் கல்லூரி இரண்டாவதாக நின்றது. திரும்பும் பேருந்தில் இம்முறை யாவரும் பேசிக்கொண்டே வந்தோம்.

கூடம் திங்கள் முதற் சனிவரை மாலை ஐந்து மணிக்குத் திறக்கப்படும். புதிதாக வருவார் முதல் ஒரு திங்கள் வெறுந்தடியோடே பயில்க. தலைமாட்டில் நின்று ஆணை கூறுதற்கு ஒருவர் வேண்டுமாயின், அப்பணிக்கு யாம் உள்ளோம். சிறிது தாழ்த்தே கூறுவோம், பொறுத்தருள்க.